சுவரில் ஏரி... நெஞ்சில் சொந்த ஊர்!

பெயிண்டுக்கு இப்படி ஒரு சக்தியா?

2010-ம் ஆண்டு வாக்கில் சென்னை அண்ணா சாலையில் ஒரு மாற்றம் நடந்தது. சினிமா போஸ்டரும் கட்சி போஸ்டரும் அடுக்கடுக்காய் ஒட்டிக் கிடந்த சுவர்களை மாநகராட்சி சுத்தம் செய்து, படம் வரைய ஏற்பாடு செய்தது. கோபுரம், கிராமம், இயற்கைக் காட்சி என்று சுவரெல்லாம் வண்ணமயம்! பிளெக்ஸ் வந்து பிழைப்பு போன சினிமா பேனர் ஓவியர்களுக்கும் இதில் வேலை கிடைத்தது.

சிக்னலில் பஸ் நிற்கிறது. எதிரே சுவரில் ஒரு ஏரி, கரையில் பனைமரம். "அட! எங்க ஊரு கண்மாய் மாதிரியே இருக்கே!" என்று மனசு துள்ளாதவர் யார்? கிராமத்தில் பிறந்து பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவருக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வயசு பத்து!

மூளை போட்ட முடிச்சு

இதற்குக் காரணம் உண்டு. ஏரியில் குதித்த நாளில் கண் பார்த்தது, காது கேட்டது, மூக்கு முகர்ந்தது எல்லாம் மூளையில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தனித்தனி இடங்களில் கிடக்கும் அவற்றை முடிச்சுப் போட்டு வைப்பது ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி. ஒரு நுனியை இழுத்தால் போதும். சேற்று வாசனை, ஈரச் சட்டை, அம்மா போட்ட அடி எல்லாம் கூடவே வந்துவிடும்!

ஆனால் எந்த நுனியை இழுத்தாலும் வராது. ஒன்று மனசில் பதிந்த நேரத்தில் கூடவே இருந்த அடையாளம் மறுபடி கிடைத்தால்தான் ஞாபகம் சுலபமாய்த் திரும்பும் என்று 1973-ல் எடுத்துச் சொன்னார், கனடா நாட்டு உளவியல் நிபுணர் எண்டெல் டல்விங்.

அதாவது, உள்ளே சரக்கு இருந்தால்தான் படம் அதை வெளியே இழுக்கும். ஏரியையே பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் நீல பெயிண்டுதான்!

பெயரில் மட்டும் ஏரி

சென்னையில் ஏரிகளுக்கா பஞ்சம்? தியாகராய நகர் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதை வற்ற வைத்துத்தான் நகர் எழுப்பினார்கள். 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. வியூவும் இல்லை, லேக்கும் இல்லை!

அங்கே வளரும் பிள்ளை நாற்பது வயதில் ஒரு ஏரிப் படத்தைப் பார்த்தால் எதை நினைத்துக்கொள்ளும்?

இன்னும் இருக்குது தண்ணீர்!

எல்லாம் போய்விடவில்லை. வேளச்சேரி-தாம்பரம் சாலையில் பஸ்ஸில் போனாலே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் தெரியும். பூநாரைகள் வந்து இறங்கும் இடம் அது. 2022-ல் உலகப் புகழ் ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சேத்துப்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஏரி உண்டு.

பிள்ளைக்குக் கலர் பென்சில் வாங்கிக் கொடுப்பது நல்லதுதான். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அன்று காற்றும் வாசனையும் சேர்ந்து மனசில் பதிவதை எந்தப் போஸ்டரும் ஒட்டி மறைக்க முடியாது!