பழைய வள்ளம் வாங்குவோர் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

தூத்துக்குடிக் கரையில் 1961-ஆம் வருஷத்துக்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் மீன்பிடிப்பில் பல வருஷம் உழைத்த வள்ளங்கள் அங்கு அவ்வப்போது விலைக்கு வருவதுண்டு. ஓய்வு நாட்களில் குடும்பத்துடன் கடலில் உலாவி வரும்பொருட்டு இவற்றை வாங்க விரும்பும் நிலச்சுவான்தார்களும் உளர். சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்கிறார். வள்ளத்திலோ பலர் புது வர்ணத்தைக் கண்டு மயங்கிவிடுகின்றனர். மாட்டில் ஏமாந்தால் பணம் நஷ்டம். வள்ளத்தில் ஏமாந்தால் உயிருக்கே அபாயம்.

மரம்:— வள்ளத்தைக் கரையேற்றி அடிப்புறத்தைப் பார்க்காமல் விலை பேசுதல் கூடாது. மரந்துளைக்கும் கடற்புழு, மிகச் சிறு பருவத்தில் ஊசித்துளை போன்ற வழியாக உட்புகுந்து, மரத்துக்குள்ளேயே வளர்கிறது. ஆகையால் வெளியே பலகை நன்றாகத் தோன்றினும் உள்ளே தேன்கூடு போல் அரித்திருக்கலாம். மரச்சுத்தியால் தட்டினால் நல்ல பலகை கணீரென ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். சந்தேகமுள்ள இடத்தில் கத்திமுனையை ஊன்றிப் பார்க்கலாம். அடிக்கட்டையாகிய ஏராவையும், உட்புறத்து வளைந்த சட்டங்களாகிய வங்குகளையும், ஆணிகளைச் சுற்றியுள்ள துருக்கறையையும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். விற்பவரைச் சாராத ஓடாவி ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது உசிதம்.

கசிவு:— நெடுநாள் கரையில் காய்ந்த வள்ளத்தில் பலகை சுருங்கிப் பொருத்து விலகுவதால், இறக்கிய முதல் நாள் நீர் கசிவது இயல்பு. பலகை ஊறிப் பருத்ததும் அது குறையும். மூன்றாம் நாளும் குறையாவிடில், கலப்பத்து முழுவதும் புதிதாகச் செய்ய நேரிடும். அச்செலவையும் கிரயத்தோடு கூட்டிக் கணக்கிடல் வேண்டும். கண்ணாடியிழைப் படகாயின் வெடிப்பு, கொப்புளம், முன்பு ஒட்டுப்போட்ட இடங்கள் ஆகியவற்றைத் தேட வேண்டும்.

எந்திரம்:— விற்பவர் முன்னதாகச் சூடேற்றி வையாதபடி, குளிர்ந்த நிலையிலேயே ஓட்டச் சொல்ல வேண்டும். ஓடிச் சூடேறிய பின்னும் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறதென்றும், எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளதென்றும் அறியலாம்.

பத்திரங்கள்:— தமிழ்நாட்டில் மீன்பிடிப் படகுகள் 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்கு உட்பட்டவை. பதிவுச் சீட்டிலுள்ள பெயர், எண், எந்திர எண் மூன்றும் ஒத்திருக்கின்றனவா, வள்ளத்தின்மேல் கடன் பாக்கியுண்டா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்து, பெயர் மாற்றத்துக்கு வழி தெரிந்த பின்னரே முழுப்பணம் செலுத்த வேண்டும். மீன்பிடிப் பதிவு உலாவுவதற்கும் செல்லுமா என்பதையும் அங்கேயே கேட்டறிதல் அவசியம். வான்தீவு, காசுவார் முதலிய தீவுகள் 1986-இல் ஏற்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறை அனுமதியின்றி அவற்றில் இறங்குதல் குற்றமாகும்.

இவ்விதம் சோதித்தபின் வள்ளத்தைக் கைவிட நேர்ந்தாலும் ஓடாவியின் கூலி வீண்செலவன்று. கரையோரக் கிராம அதிகாரிகள், முன்பணம் கைமாறுவதற்கு முன்பே இவற்றைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வார்களாயின் பெருநஷ்டங்கள் தவிரும்.