முகூர்த்த மேக்கப் திட்டுத் திட்டாகத் தெரிகிறதா? விலை குறைந்த ஸ்பாஞ்சே போதும்... ஈரம்தான் முக்கியம்!

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் இருக்கிறது சமயநல்லூர். முகூர்த்த நாள் என்றால் இந்தப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் அதிகாலை 4 மணிக்கே மணமகள் அறையில் விளக்கு எரியும். மேக்கப் போட வருபவர், பெரும்பாலும் வீட்டு முன்னறையிலேயே பார்லர் நடத்தும் பெண்ணாகத்தான் இருப்பார். மணப்பெண், அவருடைய தங்கை, நாத்தனார், 'எனக்கும் லேசா டச்சப் பண்ணிவிடும்மா' என்று வந்து உட்காரும் சித்தி என வரிசை நீண்டுகொண்டே போகும். மணமேடையில் ஹோமப் புகை, வீடியோ லைட் சூடு, மதுரை வெயில் மூன்றும் சேர்ந்து முகத்தில் திட்டு விழுந்தால், கல்யாண ஆல்பத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பேச்சு எழும். மேக்கப் போட்டவருக்கு அந்தக் குடும்பத்திலிருந்து அடுத்த ஆர்டரும் வராது.

பழி முதலில் விழுவது ஃபவுண்டேஷன் மீதுதான். 'விலை கூடினதா வாங்கியிருக்கணும்' என்பார்கள். ஆனால், விலை உயர்ந்த ஃபவுண்டேஷனும் காய்ந்த ஸ்பாஞ்சில் தேய்த்தால் கோடு போடும். சாதாரண ஃபவுண்டேஷனும் ஈர ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்தால் தோலோடு சேர்ந்துகொள்ளும். கையில் இருக்கும் பட்ஜெட் குறைவு என்றால், எதால் பூசுகிறோம், எப்படிப் பூசுகிறோம் என்பதில்தான் முதலில் கவனம் வேண்டும்.

ஈர ஸ்பாஞ்ச் ஒன்றும் யூடியூப் வந்த பிறகு வந்த வித்தை அல்ல. 1930-களின் இறுதியில் ஹாலிவுட்டின் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் கொண்டுவந்த 'பேன் கேக்' மேக்கப்பே, ஸ்பாஞ்சை நனைத்துப் பூசும் வகைதான். அது சென்னைக்கும் வந்து, ஜெமினி ஸ்டூடியோவில் லாரி லாரியாகத் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார் எழுத்தாளர் அசோகமித்திரன். அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'மை இயர்ஸ் வித் பாஸ்' நூலில் மேக்கப் அறைக் காட்சிகள் சிரிப்பும் வேதனையுமாக வரும். கூட்டக் காட்சி என்றால் பெரிய பாத்திரத்தில் சாயத்தைக் கலந்து, துணை நடிகர்களின் முகத்தில் அப்பிவிடுவார்களாம். தோலின் துளைகளை எல்லாம் அடைத்துவிடுவதுதான் அன்றைய கணக்கு. இன்றைக்கும் சில மண்டபங்களில் அதே கணக்குதான் நடக்கிறது என்பது வேறு விஷயம்!

இன்று எல்லா ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் தொங்கும் முட்டை வடிவ ஸ்பாஞ்சின் கதை சுவாரஸ்யமானது. லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மேக்கப் கலைஞர் ரியா ஆன் சில்வா, 'கேர்ள்ஃப்ரெண்ட்ஸ்' என்ற டி.வி. தொடரில் வேலை செய்துகொண்டிருந்தார். ஹெச்.டி. கேமரா அப்போதுதான் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். முகத்தில் சின்னக் கோடு இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். அப்போது பயன்பாட்டில் இருந்த முக்கோண ஸ்பாஞ்சின் ஓரங்கள் கோடு விட்டுச் சென்றன. அவர் கத்தரிக்கோலை எடுத்து அந்த ஓரங்களை வெட்டி உருட்டையாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான், 2000-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த 'பியூட்டி பிளெண்டர்'. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 20 டாலர். நம் ரூபாயில் ஆயிரத்தைத் தாண்டும்.

அந்த ஆயிரத்தைச் செலவழிக்க முடியாதவர்களுக்கு இந்தக் கதையிலேயே வழி இருக்கிறது. பாக்கெட்டில் மொத்தமாக விற்கும் முக்கோண ஸ்பாஞ்சை வாங்கி, கூரான முனைகளைக் கத்தரித்துவிட்டு, நனைத்துப் பயன்படுத்தினால் போதும். வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கடையில் அழுத்திப் பாருங்கள்

முட்டை வடிவமே வேண்டும் என்றால், மதுரை மாசி வீதிகள், விளக்குத்தூண் பக்கம் உள்ள ஃபேன்ஸி கடைகளில் 100 ரூபாய்க்குள்ளேயே வாங்கலாம். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். விரலால் அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் புரியும். அழுத்தியதும் உள்ளே போய், விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் வேண்டாம். மேற்பரப்பில் பெரிய பெரிய ஓட்டைகள் இருந்தாலும் வேண்டாம், அந்த ஓட்டைகளின் அச்சு கன்னத்தில் அப்படியே விழும். ரப்பர் வாடை அடித்தாலும் தள்ளி வைத்துவிடலாம். ரப்பர் பாலில் செய்த ஸ்பாஞ்ச் சிலருக்கு அலர்ஜி தரும்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் முக்கி எடுங்கள். நல்ல ஸ்பாஞ்ச் நன்றாக உப்பிப் பெரிதாகும். சாயம் கரைந்து தண்ணீர் ரோஸ் நிறமானால், தண்ணீர் தெளியும்வரை அலசிய பிறகே முகத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

நனைத்த ஸ்பாஞ்சில் சொட்டுச் சொட்டாக நீர் வடியக்கூடாது. கையால் பிழிந்து, பிறகு ஒரு துண்டில் சுற்றி இன்னொரு முறை அழுத்த வேண்டும். ஸ்பாஞ்சின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் ஃபவுண்டேஷனை அது அதிகம் உறிஞ்சாது. காய்ந்த ஸ்பாஞ்ச் நீங்கள் ஊற்றியதில் பெரும்பங்கைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை முகத்துக்குத் தரும். ஒரு பாட்டிலை இரண்டு கல்யாணம் கூடுதலாக ஓட்ட நினைப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள்

மாய்ஸ்ச்சரைசரோ சன் ஸ்கிரீனோ போட்டவுடன் மேலே ஃபவுண்டேஷனைப் போட்டால், அழுக்கு உருட்டியதுபோலத் திரிதிரியாக வரும். 5 நிமிடம் பொறுக்க வேண்டும். பட்டாணி அளவு ஃபவுண்டேஷனைப் புறங்கையில் எடுத்து, நெற்றி, மூக்கு, இரு கன்னம், தாடை எனப் புள்ளி வைத்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிப் பரப்ப வேண்டும். இழுத்தால் கோடு விழும். போதவில்லை என்றால் தேவையான இடத்தில் மட்டும் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் கனமாகப் போட்டதுதான் வியர்வையில் வெடித்துப் பாளம் பாளமாகத் தெரியும். மூக்கோரம், கண்ணுக்குக் கீழே ஸ்பாஞ்சின் கூர்முனை.

பிரஷ் பிடித்தவர்கள் பிரஷ்ஷே பயன்படுத்தலாம். திரவ, க்ரீம் வகைகளுக்கு நைலான் போன்ற செயற்கை இழை நல்லது. அது க்ரீமைக் குடிக்காது, கழுவவும் சுலபம். வாங்கும்போது முடியை விரலால் கோதிப் பாருங்கள், உதிர்ந்தால் வேண்டாம். பிரஷ் கோடு விட்டால் கடைசியில் ஈர ஸ்பாஞ்சால் ஒரு ஒற்று ஒற்றினால் மறைந்துவிடும். 12 பிரஷ் கொண்ட செட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதில் பாதி டப்பாவை விட்டு வெளியே வருவதே இல்லை.

காசே செலவில்லாத கருவி, விரல். கை சூட்டில் கன்சீலர் இளகி நன்றாகப் படியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் போதும்.

நம் ஊர் வியர்வைக்கு ஸ்பாஞ்சைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பவுடர் பஃப். அம்மாக்களின் பவுடர் டப்பாவில் இருந்த அதே பஞ்சின் வாரிசுதான். முகம் வியர்த்திருக்கும்போது அதன்மேல் காம்பாக்ட் போட்டால் மாவு பிசைந்ததுபோல ஆகிவிடும். முதலில் டிஷ்யூவையோ சுத்தமான பருத்திக் கைக்குட்டையையோ வைத்து ஒற்றி வியர்வையை எடுத்த பிறகே, பஃப்பில் துளி பவுடர் தொட்டு, அழுத்தி உருட்டி எடுக்க வேண்டும்.

எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் நிறம் தப்பினால் காரியம் கெட்டது. மாநிற முகத்துக்கு இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டால் அழகு கூடாது, சாம்பல் பூத்ததுபோலத்தான் இருக்கும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் அது இன்னும் மோசம். 'பொண்ணு கலரா தெரியணும்' என்று பக்கத்தில் நிற்கும் பெரியம்மா சொல்வதை அந்த நேரத்தில் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது. ஷேடைப் புறங்கையில் பார்க்கக்கூடாது. தாடையோரம் தொட்டு, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

ஐந்து முகம், ஒரே ஸ்பாஞ்ச்?

மணப்பெண்ணில் தொடங்கிய அதே ஸ்பாஞ்ச் சித்தி வரை போவதுதான் உண்மையான ஆபத்து. 2019-ல் பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த மேக்கப் பொருட்களை வாங்கிச் சோதித்தார்கள். பியூட்டி பிளெண்டர் வகை ஸ்பாஞ்சுகளில் 93 சதவிகிதம் ஒருமுறைகூடச் சுத்தம் செய்யப்படாதவை. 64 சதவிகிதம் தரையில் விழுந்தும் தொடர்ந்து பயன்பாட்டில் இருந்தவை. ஈ கோலை உள்ளிட்ட கிருமிகள் அந்தப் பொருட்களில் இருந்தன. ஈரம் தங்கும் பொருளில் கிருமிக்குச் சொல்லவா வேண்டும்? பரு, தோல் தொற்று எனத் தொடங்கி, கண்ணோரம் பட்டால் கண் தொற்று வரை போகலாம்.

இங்கேதான் மலிவு ஸ்பாஞ்ச் ஜெயிக்கிறது. விலை உயர்ந்ததை வாங்கியவருக்கு அதைத் தூக்கிப்போட மனம் வராது. முக்கோண ஸ்பாஞ்ச் பாக்கெட் வைத்திருப்பவர் ஆளுக்கு ஒன்று என எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் குப்பையில் போடலாம். மண்டபத்துக்கு மேக்கப் போடச் செல்பவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான, சிக்கனமான வழி வேறில்லை. லிப்ஸ்டிக், காஜல் விஷயத்திலும் பகிர்வு கூடவே கூடாது.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் மைல்டான ஷாம்பூவோ குளியல் சோப்போ போட்டு, நுரை வெள்ளையாக வரும்வரை கசக்கி அலச வேண்டும். பிரஷ்ஷை அலசியபின் நிமிர்த்தி வைக்காதீர்கள், தண்ணீர் கைப்பிடிக்குள் இறங்கிப் பசை விட்டு முடி கொட்டும். தலைப்பகுதி சற்றுத் தாழ இருக்குமாறு படுக்க வைத்து உலர்த்தினால் போதும். மண்டபத்திலிருந்து கிளம்பும் அவசரத்தில் ஈர ஸ்பாஞ்சைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக்கொண்டு பஸ் ஏறினால், ஒன்றிரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும். வலைத் துணிப் பையில் போட்டு, காற்று வரும் ஜன்னலோரம் தொங்கவிடலாம். கிழிந்தாலோ, அலசிய பிறகும் வாடை அடித்தாலோ, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ உடனே மாற்றிவிட வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், மூன்று மாதத்துக்கு மேல் ஒரே ஸ்பாஞ்ச் வேண்டாம்.