திருகோணமலைக்குப் புள்ளைங்களை அனுப்புமுன்



வருஷக் கடைசி வந்தால் போதும். "அம்மா, எங்க வழிகாட்டி வகுப்புல திருகோணமலை போறாங்க, கையெழுத்து போடுங்க, காசும் வேணும்" என்று பிள்ளை கடிதத்தை நீட்டும். நீங்கள் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் கையெழுத்தைப் போட்டுவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சில விஷயங்களை விளக்க வேண்டியிருக்கிறது.

வழிகாட்டி வகுப்பு என்றால் டியூசன் அல்ல. உயர்தரம் முடித்த, பல்கலைக்கழகம் போன நம் தோட்டத்து அண்ணாமார் அக்காமார் சின்னப் பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவதுதான் அது. வருஷம் முழுவதும் கோயில் மண்டபத்திலோ பிள்ளை மடுவத்திலோ கணக்கும் பாடமும் சொல்லிக் கொடுப்பார்கள். வருஷக் கடைசியில் ஒரு நாடகம், ஒரு கிரிக்கெட் ஆட்டம், பரிசளிப்பு, பிறகு ஒரு பயணம். பயணம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பத்து மாதம் வாய் திறக்காத பிள்ளை பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா பக்கத்தில் உட்கார்ந்ததும், "எனக்கு இங்கிலீசு பயமா இருக்கு அக்கா" என்று சொல்லும். மண்டபத்தில் அது வராது.

சரி, திருகோணமலையில் என்ன இருக்கிறது? முதலில் கோணேசர் கோயில். கோட்டை வாசலைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். பழைய கோயிலை 1622 இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கல்லைக் கோட்டை கட்டவும் எடுத்தார்கள். இப்போதுள்ள கோயிலின் கும்பாபிஷேகம் 1963 இல் நடந்தது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் பயமில்லாமல் திரியும். ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீற்றரில் கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு சின்னக் கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தாயின் கருமத்துக்காக உண்டாக்கினான் என்பது கதை. மழைநீர் பூமிக்குள் ஆழமாய் இறங்கி, அங்கே சூடேறி, பாறை வெடிப்பு வழியாக மேலே வருகிறது என்பது விஞ்ஞானம். இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லலாம்.

சீனக்குடாப் பக்கம் போனால் பிரிமா மா ஆலை தெரியும். 1980 முதல் அங்கே கோதுமை அரைபடுகிறது. நம் லயத்து அடுப்பில் எத்தனை வருஷமாக அந்த மாவில் ரொட்டி சுட்டிருக்கிறோம்! கப்பல் எப்படி இவ்வளவு உள்ளே வந்து கட்டுகிறது என்று பிள்ளை கேட்டால், இது இயற்கையாகவே ஆழமான துறைமுகம் என்று சொல்லுங்கள். அதற்காகத்தான் வெள்ளைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதும் இங்கேதான்.

இனித்தான் முக்கியமான விஷயம். பிள்ளைகளுக்குக் கோயிலும் வேண்டாம், கோட்டையும் வேண்டாம், கடல்தான் வேண்டும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் அங்கே வடகீழ்ப் பருவமழைக் காலம். நிலாவெளிக் கடல் குளம் மாதிரி கிடப்பது சித்திரைக்குப் பிறகுதான். படத்தில் பார்க்கிற நீலக் கடல் அந்த மாதங்களுடையது. மாரியில் அலை உயரும், புறாத்தீவுக்குப் படகு போவதும் ஆபத்து. கரையில் அடித்த தண்ணீர் திரும்பும்போது ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து ஆற்றைப் போல உள்ளே இழுக்கும். அந்த இடத்தில் நுரை குறைவாக, அமைதியாகத் தெரியும். "இங்கதான் அலையே இல்லை" என்று பிள்ளை அங்கேயே இறங்கும். நம்ம பிள்ளைகள் ஆற்றில் குளித்தவர்கள்தான். கடல் இழுப்பு அவர்களுக்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியை நினைத்துப் பயப்படுகிற தாய்மார் உண்டு. சுனாமி எப்போதோ வருவது. இந்த இழுப்பு வருஷா வருஷம் வருவது.

ஆகவே டிசம்பரில் போனால் கடலைக் கரையில் நின்று பார்க்கட்டும், கால் நனைக்கவும் பெரியவர் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். குளிக்கத்தான் வேண்டுமென்றால் பயணத்தைச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு வையுங்கள் என்று அண்ணாமாரிடம் கேளுங்கள். வருஷக் கடைசி நிகழ்ச்சி சித்திரையில் நடந்தால் யாரும் அடிக்கப் போவதில்லை.

பாதையையும் கேளுங்கள். ஹட்டனிலிருந்து கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று முழு நாள் ஓட்டம். இராத்திரிப் பயணம் வேண்டாம். சாரதிக்கும் தூக்கம் வரும். ஹபரணைக்கு அப்பால் பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலைப் பாதைகளில் மண் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழை எச்சரிக்கை வந்தால் பயணம் நிற்குமா, கட்டின காசு திரும்பக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்பதில் வெட்கம் இல்லை.

காசு விஷயம் தனி. தீபாவளி முற்பணம் சம்பளத்தில் வெட்டுப்படுகிற மாதம் அது. புது வகுப்புக்குக் கொப்பி, சப்பாத்து வேறு. "எனக்கு வயித்துவலி, நான் வரல்ல" என்று சொல்கிற பிள்ளை எல்லாத் தோட்டத்திலும் உண்டு. வலி வயிற்றில் இல்லை என்று அக்காவுக்கும் தெரியும். மாசி மாதமே ஒரு உண்டியலைத் தொடங்கி, மாதா மாதம் கொஞ்சமாகப் போட்டால் கடைசியில் இந்தப் பாடு இல்லை. குறைகிற பிள்ளைக்கு மற்றவர்கள் சேர்ந்து போடலாம், பெயர் சொல்லாமல்.

ஒரு வேண்டுகோள் அண்ணாமார் அக்காமாருக்கு. நிலாவெளிப் பாதையில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. சித்த மருத்துவமும் அங்கே படிக்கலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அங்கே படிக்கும் மலையகப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சந்திக்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள். "நீங்க எந்தத் தோட்டம்?" என்று நம்ம பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள்.

கடிதத்தில் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், கூடப் போகும் பெரியவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், பெண்பிள்ளைகளோடு அக்காமார் எத்தனை பேர், இராத் தங்கும் இடம் எல்லாம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள், எழுதிக் கொண்டுவரட்டும். சுவெட்டர் பஸ்ஸுக்கு மட்டும் போதும், அங்கே குளிர் இல்லை. குடையும் மாற்று உடுப்பும் கட்டாயம்.