நிறுத்திவைக்கப்படும் கேரவனின் பேட்டரி பராமரிப்பு

கேரவன் என்பது படுக்கை, சமையலிடம், விளக்கு முதலிய வசதிகளுடன் அமைந்த பயண ஊர்தி ஆகும். தமிழ்நாட்டில் இச்சொல் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டியையும் குறிக்கும். இன்ஜினுடன் கூடிய கேரவன்களில் பொதுவாக இருவகைப் பேட்டரிகள் இருக்கும். ஒன்று இன்ஜினைக் கிளப்புவதற்கானது. மற்றொன்று விளக்கு, மின்விசிறி, குளிர்பெட்டி ஆகியவற்றை இயக்குவதற்கானது. இவை பெரும்பாலும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள். பயன்படுத்தாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் இவற்றின் மின்னேற்றம் குறைந்து, பேட்டரி நிரந்தரமாகப் பழுதடையக்கூடும்.

நிறுத்தும் காலம்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனிப்பொழிவு காரணமாகக் கேரவன்களைக் குளிர்காலம் முழுவதும் நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான சூழல் மலைப்பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழி, தைப் பனியும் சேர்ந்த காலமாகும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள தேவனூர் நாடு இத்தகைய மலை ஊராட்சிகளுள் ஒன்று. கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரமுடையது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இங்கு நிறுத்திய கேரவன், ஜீப், டிராக்டர் எதுவாயினும் பேட்டரி இறங்கிவிட்டால், வண்டியைத் தள்ளியோ சரிவில் உருட்டியோ கிளப்புவது ஆபத்தானது. இன்ஜின் ஓடாத நிலையில் பல வண்டிகளில் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை இருக்காது.

மின்னேற்றம் குறையும் காரணங்கள்

முதலாவது காரணம் தன்மின்னிறக்கம். எதனுடனும் இணைக்காத பேட்டரியிலும் உள்ளே வேதிவினை மெதுவாக நடக்கும். நீர் ஊற்றும் வகைப் பேட்டரி மாதத்திற்குச் சுமார் 3 முதல் 5 விழுக்காடு மின்னேற்றத்தை இழக்கும். பழைய பேட்டரி இன்னும் கூடுதலாக இழக்கும்.

இரண்டாவது, வண்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரம், எச்சரிக்கைக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி போன்றவை எடுக்கும் சிறு மின்னோட்டம். இது 30 மில்லியாம்பியர் என்று கொண்டால், 30 நாளில் 21.6 ஆம்பியர்-மணி செலவாகும். 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 65 விழுக்காடு இவ்வாறே தீர்ந்துவிடும்.

மின்னேற்றம் குறையும்போது தகடுகளில் ஈய சல்பேட் உருவாகிறது. உடனே மின்னேற்றினால் அது கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய படிகங்களாக இறுகி, பின்னர் மின்னேற்றினாலும் முழுமையாகக் கரையாது. நிறுத்திவைத்த பேட்டரிகள் கெடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

குளிரின் விளைவு

பேட்டரிக்குக் குளிர்தான் பகை என்ற கருத்து பாதியளவே சரி. குளிரில் பேட்டரி தரும் திறன் குறையும்; ஆனால் தன்மின்னிறக்கமும் குறையும். வெப்பநிலை 10 பாகை செல்சியசு குறைந்தால் தன்மின்னிறக்கம் ஏறத்தாழப் பாதியாகும். ஆகவே சமவெளியின் கோடை வெயிலைவிட மலையின் குளிர்ச்சி பேட்டரியைச் சேமித்து வைக்க ஏற்றது.

உறைதல் என்பது மின்னேற்றம் தீர்ந்த பேட்டரிக்கே பெரிதும் நேரும் ஆபத்து. முழுமையாக ஏறிய பேட்டரியின் அமிலம் உறைய சுழியத்திற்குக் கீழே 50 பாகைக்கும் அதிகமான குளிர் வேண்டும். மின்னேற்றம் தீர்ந்ததில் அமிலம் நீர்த்திருப்பதால் சுழியத்திற்குக் கீழே 10 பாகை அளவிலேயே உறைந்து, பெட்டியைப் பிளந்துவிடலாம். லடாக்கில் இது உண்மையான கவலை. கொல்லிமலையில் அத்தகைய குளிர் இல்லை. அங்குக் கவனிக்க வேண்டியவை முனைகளை அரிக்கும் ஈரமும் வெயில் குறைந்த நாட்களுமே.

மின்னேற்ற அளவு

மின்னேற்றி முடித்துச் சில மணிநேரம் ஓய்ந்த பேட்டரியை மல்டிமீட்டரால் அளந்தால் கிடைக்கும் தோராய மதிப்புகள்:

- 12.6 வோல்ட் அல்லது மேல்: முழு ஏற்றம்
- 12.4 வோல்ட்: முக்கால் பங்கு
- 12.2 வோல்ட்: பாதி
- 12.0 வோல்ட்: கால் பங்கு

மாதம் ஒருமுறை அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் உடனே மின்னேற்ற வேண்டும்.

மின்னேற்றும் முறைகள்

வீட்டு மின்சாரம்: முழு ஏற்றத்திற்குப்பின் தானாகவே 13.5 முதல் 13.8 வோல்ட் அளவுக்கு இறங்கும் தானியங்கி சார்ஜரைத் தொடர்ந்து இணைத்து வைக்கலாம். அவ்வாறு இறங்காத சாதாரண சார்ஜரை விட்டுவைத்தால் நீர் வற்றித் தகடுகள் கெடும்.

சூரியத் தகடு: 10 வாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 2 ஆம்பியர்-மணி தரும். மேகமூட்டத்தில் இது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 0.4 ஆம்பியர்-மணியே கிடைக்கும். மேற்கண்ட 30 மில்லியாம்பியர் செலவோ நாளுக்கு 0.72 ஆம்பியர்-மணி. ஆகவே மழைக்காலத்தில் சிறிய தகட்டை மட்டும் நம்ப இயலாது. எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டுத் தகட்டை நேரடியாகப் பேட்டரியுடன் இணைத்தால், தன்மின்னிறக்கத்தை ஈடுசெய்ய அதே தகடு போதும். மிகையேற்றத்தைத் தவிர்க்க இடையே கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும்.

இன்ஜினை ஓட்டுதல்: வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிடும் பழக்கத்தால் அதிகப் பயனில்லை. ஈய-அமில பேட்டரியின் இறுதி 20 விழுக்காடு ஏற்றம் மெதுவாக, பல மணிநேரத்தில் நடைபெறுவதாகும்.

நிறுத்தும் முன் செய்ய வேண்டியவை

முதலில் முழுமையாக மின்னேற்ற வேண்டும். நீர் ஊற்றும் வகையில் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரையே சேர்க்க வேண்டும். அமிலம் சேர்க்கக் கூடாது. முனைகளைத் துடைத்து வாசலின் தடவினால் அரிப்பு குறையும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது நேர்முனையை முதலிலும் கையாள வேண்டும். மின்னேற்றும்போது எளிதில் வெடிக்கக்கூடிய ஐட்ரசன் வெளிவருவதால், காற்றோட்டமான இடத்தில் தீப்பொறி படாமல் செய்ய வேண்டும்.

லித்தியம் பேட்டரிகள்

புதிய கேரவன்கள் சிலவற்றில் உள்ள லித்தியம் இரும்பு பாசுபேட் பேட்டரிக்கு முறை வேறு. இதைப் பாதியளவு ஏற்றத்தில் வைப்பது நல்லது. தொடர்ந்து சார்ஜரில் வைக்கத் தேவையில்லை. உறைநிலைக்குக் கீழே இதை மின்னேற்றக் கூடாது.

கழிவு

பயனற்றுப்போன பேட்டரிகளை வீட்டுக் குப்பையில் சேர்க்கக் கூடாது. ஈயமும் அமிலமும் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். இந்தியாவின் 2022 ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவற்றைத் தனியே பிரித்துச் சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைக்க வேண்டும்.