பீங்கான் சென்சாரும் பிக்கப் வண்டியும்: போல்ட்டை அளந்து முறுக்குவோம்

நஞ்சில்லாமல் விளைந்த நெல்லும் காய்கறியும் நம் வயலிலிருந்து சந்தைக்குப் போவது பெரும்பாலும் ஒரு டீசல் பிக்கப்பில்தான். விருத்தாசலம் பக்கத்தில் எங்கள் உழவர் குழுவிலும் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. சிதம்பரம், கடலூர் என்று ஓடும். அது ஒரு நாள் நின்றால் அறுத்த கீரை மறுநாள் வரை காத்திருக்காது.

இப்போதெல்லாம் உழவர் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது: "புது வண்டிங்க, மஞ்ச விளக்கு எரியுது, இழுவையே இல்ல. சென்சார் போச்சாம், பல ஆயிரம் ஆகுமாம்." உடனே பக்கத்தில் ஒருத்தர் யோசனை சொல்வார்: "எதுக்குண்ணே செலவு? அந்த ஃபில்டரைக் கழட்டி வீசிட்டு, ஓட்டைய அடச்சிட்டா வண்டி பறக்கும்." நான் பார்த்தவரை, இப்படி வந்து நின்ற வண்டிகள் சிலவற்றில் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டோ, அதன் பக்கத்து இணைப்போதான் சரியாக முறுக்கப்படவில்லை. இந்த வேலையை நாமே புரிந்துகொண்டால் காசும் மிஞ்சும், கறுப்புப் புகையும் ஊருக்குள் போகாது.

என்னென்ன பாகம், எதுக்கு?

2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் விற்கும் வண்டிகளுக்கு பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் காருக்கு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 80 ஆகக் குறைந்தது. டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. பிக்கப் மாதிரி சரக்கு வண்டிகளுக்கு வரம்பு எண்கள் வேறு, ஆனால் இறுக்கம் இதே மாதிரிதான். இதற்காக சைலன்சர் வழியில் சில பாகங்கள் சேர்ந்தன.

ஈஜிஆர் என்பது புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு. எரியும் சூடு குறைவதால் நைட்ரஜன் ஆக்சைடு குறைகிறது. டிபிஎஃப் என்பது கரித்தூளைப் பிடிக்கும் ஃபில்டர். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சாரும், புகையின் சூட்டை வேறு சென்சார்களும், மீதமுள்ள ஆக்சிஜனையோ நைட்ரஜன் ஆக்சைடையோ இன்னொரு சென்சாரும் அளக்கும். எது எது இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும்.

சில வண்டிகளில் யூரியா கரைசல் டேங்கும் உண்டு. வயலுக்கு யூரியா வேண்டாம் என்று ஒதுக்கிய நாம், வண்டிக்கு 32.5 சதவீத யூரியா கரைசல் ஊற்ற வேண்டியிருக்கிறது! ஒரு எச்சரிக்கை: உர யூரியாவைத் தண்ணியில் கரைத்து ஊற்றாதீர்கள். அது வேப்பெண்ணெய் பூசியது, தூய்மையும் போதாது. உள்ளே இருக்கும் ஊசித்துளைகளை அடைத்துவிடும்.

இதுவும் பீங்கான்தான்

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்தப் பாகங்களைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். இங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் படிக்கத் தனிப் பயிலகம் இருக்கிறது. பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் என்று சூளையில் வெந்து வரும் சாமான்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கரித்தூள் ஃபில்டருக்குள் இருப்பதும் தேன்கூடு மாதிரி துளைத்துச் சுட்ட பீங்கான். ஆக்சிஜன் சென்சாரின் உயிர்நாடி, சிர்கோனியா என்ற பீங்கானில் செய்த விரல் நுனி அளவுத் துண்டு. 1976இல் பாஷ் நிறுவனம் இந்த வகை சென்சாரை வோல்வோ கார்களில் முதலில் கொண்டுவந்தது. சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் இந்தத் துண்டு வேலை செய்யும். அதனால் உள்ளேயே சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள்.

சூளையிலிருந்து எடுத்த சூட்டோடு பொம்மைமேல் தண்ணி தெளித்தால் என்ன ஆகும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்சாருக்கும் அதேதான். கீழே விழுந்தால் வெளி இரும்பு நெளியாது, உள்ளே பீங்கான் விரிந்திருக்கும். ஆகவே தவறி விழுந்த சென்சாரை மாட்ட வேண்டாம். ஓட்டி வந்த சூட்டோடு சைலன்சர் பக்கம் தண்ணி பீய்ச்சிக் கழுவவும் வேண்டாம்.

முறுக்கு என்றால் என்ன?

போல்ட்டை முறுக்கும்போது அது ரப்பர் மாதிரி மிகக் கொஞ்சம் நீள்கிறது. நீண்டது சுருங்கப் பார்க்கும் இழுப்புதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. குறைவாக முறுக்கினால் பிடிப்பு இல்லாமல் அதிர்வில் கழன்றுவிடும். அளவு மீறினால் போல்ட் திரும்பச் சுருங்க முடியாத அளவுக்கு நீண்டு பலமிழக்கும், அல்லது மரை உருண்டுபோகும். அலுமினியத்தில் வெட்டிய மரையாக இருந்தால் சீக்கிரமே போய்விடும், அப்புறம் லேத் பட்டறைதான்.

நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் 10இல் 1 பங்குதான் இழுப்பாக மாறுகிறது. மீதி, போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உரசலில் போய்விடுகிறது. துருவும் மண்ணும் இருந்தால் உரசல் கூடும், டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொன்னாலும் பிடிப்பு வந்திருக்காது. எண்ணெய் வழிந்தால் உரசல் குறையும், அதே எண்ணில் போல்ட் அளவு மீறி நீளும். இதனால்தான் மரையைச் சுத்தம் செய்வது பாதி வேலை என்கிறேன்.

தளர்ந்த இணைப்பு சென்சாரை எப்படி ஏமாற்றும்? சைலன்சரில் புகை விட்டுவிட்டுத் துடிப்பாகப் போகிறது. துடிப்பின் இடைவெளியில், சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே நுழையும். சென்சார் அந்த ஆக்சிஜனையும் சேர்த்துக் கணக்கெடுக்கும். அழுத்த சென்சாரின் குழாய் கசிந்தால், ஃபில்டரில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்ற கணக்கே தப்பும். அப்புறம் மஞ்சள் விளக்கு, இழுவைக் குறைவு எல்லாம் வரிசையாக வரும். சென்சார் பொய் சொல்லவில்லை, அதற்குத் தவறான காற்று காட்டப்படுகிறது.

எவ்வளவு முறுக்கலாம்?

முறுக்கை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். 1 மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 1 கிலோ எடை தொங்கினால் கிடைப்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். தலையில் 8.8 என்று எழுதிய சாதாரண எஃகு போல்ட், எஃகு மரையில் இறங்கும்போது பொதுவான அளவு இது:

• 6 மி.மீ. போல்ட் (10 ஸ்பேனர்): சுமார் 10
• 8 மி.மீ. போல்ட் (13 ஸ்பேனர்): சுமார் 25
• 10 மி.மீ. போல்ட் (பழைய வகையில் 17 ஸ்பேனர்): சுமார் 49
• 18 மி.மீ. மரை கொண்ட ஆக்சிஜன் சென்சார் (22 ஸ்பேனர்): பொதுவாக 40 முதல் 50

அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் இறங்கும் சின்ன போல்ட்டுகளுக்கு இதைவிடக் குறைவு. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். மேலே உள்ளது ஒரு மட்டம் தெரிவதற்காக மட்டுமே. 6 மி.மீ. போல்ட்டுக்கும் 10 மி.மீ. போல்ட்டுக்கும் ஏறக்குறைய 5 மடங்கு வித்தியாசம் இருப்பதைப் பாருங்கள். ரெண்டையும் ஒரே கையழுத்தத்தில் முறுக்கினால் ஏதோ ஒன்று கெடும்.

வேலை செய்யும் முறை

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். புத்தகத்தில் உள்ள எண் ஆறிய இன்ஜினுக்கானது.

2. துருப்பிடித்த போல்ட்டுக்கு துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். கழற்றும்போது முதலில் ஒரு நூல் அளவு இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். துரு உடைந்து கொடுக்கும். முக்கி இழுத்தால் தலை முறிந்துவிடும்.

3. மரையைக் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்து உலர வையுங்கள். புது சென்சாரின் மரையில் பெரும்பாலும் கம்பெனியே கிரீஸ் பூசித் தரும், அதன்மேல் வேறெதுவும் தடவ வேண்டாம். முனையில் எதுவுமே படக்கூடாது. சிலிக்கான் பேஸ்ட்டை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஆவி பட்டாலே ஆக்சிஜன் சென்சார் கெட்டுவிடும்.

4. நசுங்கிப் பிடிக்கும் வாசர், பேக்கிங் இரண்டும் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை நசுங்கிய வாசர் மறுமுறை அடைக்காது. சைலன்சர் நட்டுக்குப் பதில் கடையில் கிடைத்த சாதாரண நட்டைப் போடாதீர்கள், சூட்டில் இறுகிப்போகும்.

5. முதல் மூன்று நான்கு சுற்று விரலால்தான். போல்ட்டை வைத்து முதலில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். மரை மரையோடு சேரும் இடத்தில் 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் மரை குறுக்கே ஏறாது.

6. இரண்டு மூன்று போல்ட் உள்ள இடத்தில் ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நாலு போல்ட் என்றால் எதிரெதிராக, முதலில் பாதி அளவு, அப்புறம் முழு அளவு. பட்டை கிளாம்ப் என்றால் பாதி முறுக்கி, சுற்றிலும் ரப்பர் சுத்தியலால் தட்டி, மீண்டும் முறுக்குங்கள்.

7. சென்சாரின் வயரைத் திருகவிடாதீர்கள். வயர் நுழைய வாய் பிளந்த சாக்கெட் கிடைக்கிறது. கப்ளரைக் கழற்றிவிட்டு முறுக்குங்கள். முடிந்ததும் வயர் சைலன்சரைத் தொடாதபடி பழைய கிளிப்பில் மாட்டுங்கள்.

8. வண்டியை இயக்கி, இணைப்புகளில் புதுக் கரிக்கோடு தெரிகிறதா, 'புஸ் புஸ்' சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கையை வைத்துப் பார்க்காதீர்கள்.

டார்க் ரெஞ்ச் பற்றி

ஒரே ரெஞ்சில் எல்லாம் ஆகாது. 5 முதல் 25 வரை அளக்கும் சின்னது ஒன்று, 20 முதல் 110 வரை ஒன்று இருந்தால் பிக்கப்பில் நாம் தொடுகிற இந்த போல்ட்டுகளுக்குப் போதும். ஒருமுறை 'டக்' கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு தடவை இழுப்பது பழக்கதோஷம். கழற்ற இதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் கடைசி எண்ணுக்கு இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோகும்.

ரெஞ்ச் கைக்கு வராத நாளில் மூட்டை எடை போடும் கொக்கித் தராசு உதவும். போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 25 சென்டிமீட்டரில் ஸ்பேனரில் கொக்கியை மாட்டி, ஸ்பேனருக்கு நேர்குத்தாக இழுங்கள். 10 கிலோ காட்டும்போது சுமார் 25 நியூட்டன் மீட்டர். 30 சென்டிமீட்டரில் 15 கிலோ இழுத்தால் சுமார் 44. சின்ன போல்ட்டுக்கு 20 சென்டிமீட்டரில் 5 கிலோ, அதாவது சுமார் 10. ரெஞ்ச் அளவுக்குத் துல்லியம் வராது. ஆனால் "கை சொல்லும்" என்று குருட்டாம்போக்கில் முறுக்குவதைவிட எவ்வளவோ மேல்.

கழட்டி வீசலாமா?

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவுப்படி மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் சிறையும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஃபில்டர் இல்லாத டீசல் வண்டியின் கரித்தூள் நுரையீரலின் அடி வரை போகும் அளவுக்குப் பொடி. ஏற்றி இறக்கும் நம் பெண்கள், பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைகள்தான் முதலில் சுவாசிப்பார்கள். நெல்லில் நஞ்சு வேண்டாம் என்று வருஷக்கணக்காக உழைத்துவிட்டு, அதைக் கொண்டுபோகும் வண்டியில் நஞ்சைத் திறந்துவிடுவது நமக்கு ஒத்துவராது.

எங்கள் பக்கத்து உழவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய ஃபில்டர் தானாகவே 550 முதல் 600 டிகிரி வரை சூடாகும். அந்த நேரத்தில் முந்திரித் தோப்பின் காய்ந்த சருகு மேலோ, களத்து வைக்கோல் மேலோ வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். ஓட்டுநர் தம்பிகளிடம் இதைத் தவறாமல் சொல்லிவையுங்கள்.

டார்க் ரெஞ்சை ஆளுக்கொன்று வாங்க வேண்டியதில்லை. களையெடுக்கும் கருவியைக் குழுவாக வைத்திருப்பது போல, நாலைந்து வண்டிகளுக்கு ஒரு ஜோடி போதும். கூடவே ஒவ்வொரு வண்டியின் சர்வீஸ் புத்தகத்திலிருந்து அளவுகளை ஒரு அட்டையில் எழுதி, பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். அறுவடை ஓட்டம் தொடங்கும் முன் ஒரு காலை நேரம் ஒதுக்கி, குழுவில் ரெண்டு இளைஞர்களைக் கூட வைத்துக்கொண்டு, வண்டிக்கடியில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துவிடுங்கள்.