சோறும் பஞ்சும் ஒரே சர்க்கரை

பட்டு என்று விற்கப்படும் துணி உண்மையில் பட்டுதானா என்று அறிய, அதன் ஓரத்தில் ஓரிரு இழைகளை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்பது துணி வணிகத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். பட்டிழை மெல்லச் சுருண்டு எரிந்து, தீயை விலக்கியதும் அணைந்து, முடி கருகிய நாற்றத்தை விட்டுச் செல்லும். பருத்தி இழை சட்டெனப் பற்றிக்கொண்டு, காகிதம் எரியும் மணத்துடன் மென்சாம்பலாகும். உயிர் வேதியியலின் அடிப்படையான பாகுபாடு ஒன்றை இந்தச் சோதனை மூக்குக்கே உணர்த்திவிடுகிறது. பட்டும் முடியும் விலங்குடலில் உருவான புரதங்கள். அவற்றில் நைட்ரஜன் உண்டு. பருத்தியும் காகிதமும் பெரும்பாலும் தாவரத்தில் உருவான செல்லுலோஸ். அந்தச் செல்லுலோஸில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றைத் தவிர வேறு தனிமம் இல்லை.

உயிருடலின் பெரும்பங்கு நீரே. அந்த நீரை நீக்கிவிட்டால் எஞ்சுவதில் மிகுதியானவை, கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாக்கும் சேர்மங்கள். இவற்றையே கரிமச் சேர்மங்கள் என்பர். கார்பன் அணு ஒரே நேரத்தில் நான்கு பிணைப்புகளை ஏற்க வல்லது என்பதாலும், தன்னினத்து அணுக்களோடு நீண்ட தொடராகவும் கிளையாகவும் வளையமாகவும் உறுதியாக இணையக்கூடியது என்பதாலும், உயிரின் கட்டுமானத்தில் அதற்கு ஈடான தனிமம் வேறில்லை. இத்தகைய சேர்மங்களை உயிருடல் மட்டுமே ஆக்க முடியும், அதற்குத் தனியானதோர் உயிராற்றல் வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலாளர் பலர் நம்பியிருந்தனர். 1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் பிரீட்ரிக் வோலர், சிறுநீரில் காணப்படும் யூரியாவை அம்மோனியம் சயனேட் என்னும் உப்பிலிருந்து ஆய்வகத்திலேயே பெற்றுக் காட்டினார். அந்த நம்பிக்கை அதனால் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை என்றாலும், உயிரின் பொருள்களும் மற்றப் பொருள்களுக்குரிய அதே விதிகளுக்கு உட்பட்டவையே என்னும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது.

இந்தக் கரிமப் பொருள்களைக் கார்போஹைட்ரேட், கொழுப்பு, புரதம், நியூக்ளிக் அமிலம் என்று நான்காகப் பகுப்பது வழக்கம். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, இந்நான்கையும் உடல் ஆக்கும் முறை ஒன்றே என்பதைக் கவனிப்பது பயன் தரும். சிறிய அலகுகள் இரண்டு சேரும் இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. சேர்ந்ததைப் பிரிக்க வேண்டும்போது அதே இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு புகுத்தப்படுகிறது. செரிமானம் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வேலைதான். அதை விரைவுபடுத்துபவை நொதிகள் எனப்படும் புரதங்கள். அலகுகள் சிலவே ஆயினும், அவை எந்தக் கோணத்தில், எந்த வரிசையில் இணைகின்றன என்பதைப் பொறுத்து உண்டாகும் பொருளின் இயல்பு அடியோடு மாறிவிடுகிறது.

சோறும் பஞ்சும் இதற்குத் தெளிவான சான்று. இரண்டும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் ஆனவை. 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்களைக் கொண்ட இந்தச் சிறு வளையத்தின் முதற் கார்பனில் உள்ள ஆக்சிஜன் ஒரு பக்கம் நோக்கியிருந்தால் ஆல்பா வகை, மறுபக்கம் நோக்கியிருந்தால் பீட்டா வகை என்று பெயர். ஆல்பா வகையாக இணைந்த குளுக்கோஸ் தொடர் சுருளாக வளைந்து மாவுச்சத்தாகிறது. பள்ளி ஆய்வகத்தில் சோற்றுப் பருக்கையின்மீது அயோடின் துளியை விட்டதும் கருநீலம் படர்வது, அந்தச் சுருளின் உட்புறத்தில் அயோடின் புகுந்து அமர்வதால்தான். பீட்டா வகையாக இணைந்த தொடரில் ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி அமைவதால், தொடர் வளையாமல் நேராக நீள்கிறது. அத்தகைய தொடர்கள் பக்கம்பக்கமாக நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, நீரில் கரையாத செல்லுலோஸ் இழையாகின்றன.

மனித உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் என்னும் நொதி, ஆல்பா இணைப்பை மட்டுமே அறுக்கவல்லது. சோற்றை வாயில் வைத்து நெடுநேரம் மென்றால் மெல்ல இனிப்புத் தட்டுவது அந்த நொதியின் வேலை. பஞ்சை எவ்வளவு நேரம் மென்றாலும் இனிக்காது. வைக்கோலைத் தின்னும் பசுவிடம்கூட பீட்டா இணைப்பை அறுக்கும் நொதி சொந்தமாக இல்லை. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே செல்லுலோஸை உடைத்து, நொதிக்கவைத்து, பசுவுக்கு ஆற்றல் தரும் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றிக் கொடுக்கின்றன. நெல்லில் மணியை மனிதரும் தாளை மாடும் உண்பது என்னும் பழைய ஏற்பாடு, வேதியியல் நோக்கில், ஓர் ஆக்சிஜன் அணு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது.

மாவுச்சத்துக்குள்ளும் இரு வகை உண்டு. கிளையின்றி நீள்வது அமைலோஸ், கிளைத்துப் பரவுவது அமைலோபெக்டின். அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரிச் சோறாகவும், குறைந்த அரிசி குழைந்த சோறாகவும் வடிவதற்கு இதுவே முதன்மைக் காரணம். கொதிநீரில் இந்தத் தொடர்கள் நெகிழ்ந்து நீரை ஏற்கின்றன. சோறு ஆறும்போது அவற்றுள் ஒரு பகுதி மீண்டும் நெருங்கி அடுக்காகிவிடுவதால் நொதிக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. இரவெல்லாம் ஆறிக் கிடந்த பழைய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரியாமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாவது இதனால்தான்.

கொழுப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பாடநூல்கள் மற்ற மூன்றுடன் சேர்த்து இதையும் பெருமூலக்கூறு என்று எண்ணுவதுண்டு. ஆனால் கொழுப்பு, முடிவின்றி நீளும் தொடர் அன்று, கிளிசரால் என்னும் சிறு மூலக்கூறுடன் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த அளவான பொருள். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்றவை, அதாவது கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. அவை வளைவின்றி நெருங்கி அடுக்காக அமைவதால் அந்த எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடுகிறது. நல்லெண்ணெயின் அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு மிகுதி என்பதால் மார்கழிக் குளிரிலும் அது ஓடுகிறது. மூன்றாம் அமிலத்தின் இடத்தில் பாஸ்பேட் அமைந்தால் கிடைப்பது பாஸ்போலிப்பிடு. ஒரு முனை நீரை நாடவும் மறுமுனை நீரை விலக்கவும் செய்வதால், இவை நீரில் தாமாகவே இரட்டை அடுக்காகச் சேர்ந்து உயிரணுவின் சவ்வாகின்றன. அந்தச் சவ்வின் தடிப்பு, ஒரு மில்லிமீட்டரை 2 இலட்சம் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு.

புரதத்தின் அலகு அமினோ அமிலம். உயிர்கள் புரதம் கட்டப் பொதுவாகப் பயன்படுத்துவது 20 வகை அமினோ அமிலங்களை. இவை எல்லாப் புரதங்களிலும் ஏதோ ஒரு கலவையாக இருப்பவை அல்ல, ஒவ்வொரு புரதத்துக்கும் மாறாத வரிசை உண்டு என்பதை, இன்சுலினின் 51 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்திக் காட்டி நிறுவியவர் இங்கிலாந்தின் பிரெடரிக் சாங்கர். அதற்காக 1958இல் நோபல் பரிசு பெற்றார். வரிசை அறியப்பட்டாலும், அந்தத் தொடர் வெளியில் எவ்வாறு மடிகிறது என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கான பெரும் விடைகளில் ஒன்று சென்னையில் கிடைத்தது.

1952இல், 30 வயது நிறையும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன், தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதத்தை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955 ஆண்டுகளில் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரைகள், கொலாஜன் மூன்று தொடர்கள் முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது என்று காட்டின. கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் வருவதன் காரணம் இதனால் விளங்கியது: முறுக்கின் நடுவே இருக்கும் இடம் மிகக் குறுகியது; பக்கக்கிளையாக ஒரேயொரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசின் அன்றி வேறெதுவும் அங்கே அடங்காது. அந்த இடத்தில் வேறோர் அமினோ அமிலம் புகுந்துவிட்டால், குழந்தையின் எலும்புகள் சிறு அதிர்ச்சிக்கும் முறியும் பரம்பரை நோய் உண்டாகிறது. இந்தப் புரி பிரியாமல் நிற்க, அதன் புரோலின் அலகுகளில் பல சற்றே மாற்றப்பட வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிக்கு வைட்டமின் சி தேவை. வைட்டமின் சி கிடைக்காமல் நெடுங்கடல் சென்ற மாலுமிகளின் ஈறுகளில் குருதி கசிந்ததும், ஆறிய புண்கள் மீண்டும் திறந்துகொண்டதும் கொலாஜன் தளர்ந்ததன் விளைவே.

கொலாஜன் அமைப்பைக் குறித்து எழுந்த விவாதமே இராமச்சந்திரனை அடுத்த கேள்விக்கு இட்டுச் சென்றது. எந்த இரண்டு அணுக்களும் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்னும் எளிய விதியை மட்டும் வைத்துக்கொண்டு, புரதத் தொடர் எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்பதை அவரும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் கணக்கிட்டு 1963இல் வெளியிட்டனர். பெரும்பாலான கோணங்கள் இயலாதவை என்று காட்டிய அந்த இராமச்சந்திரன் வரைபடம், புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது.

வரிசையில் ஓர் அலகு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஹீமோகுளோபின் சான்று. அதன் பீட்டா தொடரில் உள்ள 146 அமினோ அமிலங்களில் ஆறாவதாக வர வேண்டிய குளூட்டாமிக் அமிலத்தின் இடத்தில், நீரை விலக்கும் இயல்புடைய வேலின் வந்துவிட்டால், ஆக்சிஜன் குறையும்போது ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, சிவப்பணுவை அரிவாள் வடிவில் வளைத்துவிடுகின்றன. இந்தியாவில் இந்த அரிவாளணு ஹீமோகுளோபின் முதன்முதலாக 1952இல் பதிவானது நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடையேதான். பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்ற குழந்தை கடும் வலியும் சோகையும் தாங்க வேண்டியிருக்கிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ கடுமையான மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைக்கிறது.

அமினோ அமிலங்களின் வரிசையைப் பதிந்து வைத்திருப்பது டி.என்.ஏ. என்னும் நியூக்ளிக் அமிலம். சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறிமாறி இணைந்த தொடரில் நான்கு வகை காரமூலங்கள் வரிசையாக அமைய, மனிதரின் ஒரு மரபுத்தொகுதியில் அவை ஏறத்தாழ 300 கோடி இணைகளாக இருக்கின்றன. மேற்கண்ட நோய்க்குக் காரணம் அவற்றுள் ஒன்று மாறியதே. டி.என்.ஏ.யின் வரிசை ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு, ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பில் அமினோ அமில வரிசையாக மாறுகிறது. ரைபோசோமின் அமைப்பை அணுஅணுவாகக் கண்டதற்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனாத் ஆகியோர் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். அமினோ அமிலங்களை இணைக்கும் அதன் நடுவிடத்தில் இருப்பது புரதம் அன்று, ஆர்.என்.ஏ. என்பது இந்த ஆய்வுகளால் உறுதியானது. புரதங்கள் தோன்றும் முன்பே ஆர்.என்.ஏ. உயிரின் வேலைகளைச் செய்திருக்கலாம் என்னும் கருத்துக்கு இதைவிட வலுவான ஆதரவு அரிது. காசநோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் ரைபோசோமின் வேறோர் ஆர்.என்.ஏ.யில் பற்றிக்கொண்டு, நோய்க்கிருமியின் ரைபோசோம் வரிசையைத் தவறாக வாசிக்கும்படி செய்கிறது. பாக்டீரியாவின் ரைபோசோம் மனித உயிரணுவினதிலிருந்து ஓரளவு வேறுபட்டிருப்பதால்தான், இத்தகைய மருந்துகள் நோயாளியின் புரத ஆக்கத்தைப் பெரிதும் குலைக்காமல் கிருமியின் புரத ஆக்கத்தைக் குலைக்க முடிகிறது.