தட்டொலியும் இரட்டைக்கிளவியும்

இரட்டைக்கிளவியைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர்கள் சலசல, கடகட, மளமள எனச் சான்று காட்டி, இவை இரட்டித்து நின்றே பொருள் தரும், பிரித்தால் பொருள் தாரா என்பர். இலக்கணம் அவ்வளவில் நின்றுவிடும். ஆயின் மோட்டார்ப் பட்டறையில் இச்சொற்களுக்கு வேறொரு பயனும் உண்டு.

ஜொகூரில், குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த காஹாங் வழியாக ஜெமாலுவாங் நோக்கிச் செல்கிறது 50-ஆம் எண் கூட்டரசுச் சாலை. அது நல்ல சாலை. ஊரிலிருந்து எண்டாவ்-ரொம்பின் காட்டின் பேத்தா வாயிலுக்குப் பிரியும் பாதையோ மண்ணும் கல்லுமானது. அப்பாதையில் சென்று மீண்ட காரின் எஞ்சினில் தட்டொலி எழுந்தால், "சத்தம் வருகிறது" என்று மெக்கானிக்கிடம் சொல்வது போதாது. எத்தகைய ஒலி, எப்பொழுது எழும் ஒலி என்று சொல்லவேண்டும்.

மேட்டில் ஏறும்போது மட்டும் கிணுகிணு என்று கேட்பின், குற்றம் எரிதலில் உளது. தீப்பொறி மூட்டிய நெருப்பு சிலிண்டர் முழுதும் பரவுமுன், எஞ்சியிருக்கும் கலவை தானே வெடித்துவிடுகிறது. படிந்த கரி, மிகுந்த சூடு, முந்திவிட்ட தீப்பொறி, தரங்குறைந்த பெட்ரோல் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். 1921-இல் அமெரிக்கரான தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து இவ்வொலியை அடக்கினார். எஞ்சின் அடங்கியது, மக்கள் மூச்சில் நஞ்சு கலந்தது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதைக் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்தான். இன்று மலேசியப் பெட்ரோல் நிலையங்களில் காணும் 95, 97 என்னும் எண்கள் இத்தட்டொலியைத் தாங்கும் ஆற்றலின் அளவே. 95 போதும் என்று கையேடு சொல்லும் வண்டிக்கு 97 ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

காலையில் எஞ்சினை முடுக்கியதும் டிக்டிக் என மெல்லக் கேட்டு, எண்ணெய் மேலேறியதும் குறைவது வால்வுப் பகுதியின் ஒலி. எஞ்சின் இருமுறை சுழல, வால்வு ஒருமுறையே திறக்கும். ஆதலின் இவ்வொலி எஞ்சினின் வேகத்திற்குப் பாதி வேகத்தில் வரும். குளிர்ந்திருக்கையில் மந்தமாகத் தட்டி, சூடேறியதும் மறைவது தேய்ந்த பிஸ்டனின் ஒலியாகலாம். இவ்விரண்டும் பட்டறைக்குப் போகும்வரை பொறுக்கும்.

பொறுக்காதது ஒன்றுண்டு. அடியிலிருந்து டொக்டொக் எனக் கனத்து எழும், சூடேறினாலும் மறையாது, வேகம் கூடக் கூடத் தானும் விரையும். பிஸ்டன் தண்டின் பேரிங் தேய்ந்து இடைவெளி விழுந்ததன் அறிகுறி அது. மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் தீப்பொறியையும் முறையே நிறுத்திப் பார்ப்பார். எதை நிறுத்தியதும் ஒலி தணிகிறதோ, அங்கே இருக்கிறது கோளாறு. நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதும் உண்டு. காற்றாடியும் பெல்ட்டும் ஓடுமிடத்தில் அதைச் செய்தல் ஆகாது.

கல்பாதைக்கு வருவோம். கல் இடித்து அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி நசுங்கினால், எண்ணெயை உறிஞ்சும் குழாய் அடைபடக்கூடும். அப்போது அளவுக்கோலில் எண்ணெய் நிறைவாகக் காட்டும். பேரிங்குக்கோ ஒரு சொட்டும் ஏறாது. கோலை நம்பி ஓட்டியவர் தண்டு முறிந்து எஞ்சினையே இழப்பார். கெட்டியான எண்ணெய் ஊற்றி ஒலியைச் சின்னாள் அடக்குவோரும் உளர். பழைய வண்டி விற்பனையில் இது தெரிந்த தந்திரம். டொக்டொக் கேட்டதும் எஞ்சினை நிறுத்தி, மறுபடி முடுக்காமல், வண்டியை இழுத்துக்கொண்டு போவதே வழி.